சராசரிக் குதிரை

எங்கள் அலுவலகத்தின் பெயர்ப் பலகை நாற்பத்திரண்டு அடி நீளம். 'மலைச் சுமைக் குதிரைகள் மூட்டுநீர்க் குறிகாட்டி ஆய்வு நடுவம்' என்று எழுத அவ்வளவு இடம் வேண்டியிருந்தது. கட்டடத்தின் முகப்பு அந்த அளவுக்கு நீளமில்லாததால் பலகை மூலையில் மடங்கிப் பக்கச் சுவருக்குப் போய்விட்டது. அமிர்தி ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்களுக்கு 'மலைச் சுமைக் குதிரைகள்' என்ற பாதி மட்டும்தான் தெரியும். அதற்குக் கீழேதான் தினமும் மாலை நாங்கள் நாற்பத்தொரு பேரும் வரிசையாகப் பஸ்ஸுக்கு நிற்போம்.

நான் அருணா. ஊர் ஒடுகத்தூர். நடுவத்தின் பதிவேட்டுப் பிரிவில் இளநிலை உதவியாளர். நடந்தது எல்லாவற்றையும் பதிவேட்டில் எழுதியவள் நான்தான். பதிவேட்டில் எழுத முடியாததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். குதிரையின் முட்டிக்குள் கொஞ்சம் நீர் இருக்கிறது. எலும்பு முனையைப் போர்த்தியிருக்கும் குருத்தெலும்பு தேய ஆரம்பித்தால் அதன் துகள்களெல்லாம் அந்த நீரில் கலக்கும். ஊசி போட்டு நீரை எடுத்து அந்தத் துகள்களை அளந்தால், குதிரை நொண்ட ஆரம்பிப்பதற்கு முன்பே மூட்டுத் தேய்மானத்தைக் கண்டுபிடிக்க வழி உண்டு. அளக்கிற ஒவ்வொன்றுக்கும் குறிகாட்டி என்று பெயர். எங்களிடம் பதினோரு குறிகாட்டிகளை அளக்கும் கருவி இருக்கிறது. இதில் கேலி செய்ய ஒன்றுமில்லை. நல்ல அறிவியல். அந்த நல்ல அறிவியலைச் சுற்றிக் காம்பவுண்டு சுவர் கட்டி, உள்ளே நாற்பத்தொரு பேரை உட்கார வைத்த பிறகு நடந்ததுதான் கதை.

நடுவம் திறந்து மூன்று வருஷம் ஒரு குதிரையும் வரவில்லை. அதற்காக நாங்கள் சும்மா இருந்தோம் என்று நினைத்துவிடக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை 'மூட்டுத் தேய்மானம் கண்டறியப்பட்ட குதிரைகள்: இல்லை' என்று அறிக்கை அனுப்பினோம். பன்னிரண்டு அறிக்கையிலும் 'இல்லை' வந்ததைப் பார்த்து, குதிரை மூட்டு நோயை அறவே ஒழித்த நடுவம் என்று மேலிடத்திலிருந்து கேடயம் கொடுத்தார்கள். கேடயத்தை இயக்குநர் கோபால்சாமி தன் அறையில் வைத்திருந்தார். அவருடைய அறை முதல் மாடியில். மூன்று வருஷமாக அவர் மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் இறங்குவார். கிட்டே போனால் தைல வாசனை வரும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. எங்களுக்குக் குதிரைகளைப் பற்றி மட்டும்தான் அதிகாரம்.

இந்த நிலையில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒரு குட்டி யானை லோடு வண்டி வந்து வாசலில் நின்றது. அதில் ஒரு குதிரை இருந்தது.

காவலாளி இரண்டு பதிவேடுகளையும் எடுத்து வைத்துக்கொண்டார். வாகனப் பதிவேட்டில் எழுதுவதா, பார்வையாளர் பதிவேட்டில் எழுதுவதா என்று கேட்டு மேலே ஆள் அனுப்பினார். முக்கால் மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: பார்வையாளர். எழுதினோம். பெயர்: அம்சா. யாரைப் பார்க்க: இயக்குநரை. காரணம்: முட்டி வலி. கழுத்தில் பார்வையாளர் அட்டையை மாட்டினோம். அம்சா அட்டையைத் தின்றுவிட்டது. வெளியே போகும்போது அட்டையைத் திருப்பித் தர வேண்டும் என்பது விதி என்பதால் காவலாளி அன்று முழுக்க வேதனையில் இருந்தார்.

கூட வந்தவர் ராஜாக்கண்ணு. மலைமேல் மேல்சாமைக்கொல்லை என்ற சின்ன ஊரில் சாமை போடுகிறவர், புளி உலுக்குகிறவர். ஐம்பது வயதிருக்கும். வண்டியிலிருந்து அம்சாவை இறக்கும்போது அதன் நெஞ்சுக்குத் தன் தோளைக் கொடுத்து, வலது முன்கால் தரையில் பட்டுவிடாமல் இறக்கினார். அதைப் பார்த்ததுமே எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

காத்திருந்த நேரத்தில் என்னிடம் விஷயத்தைச் சொன்னார். ரோடு முடிகிற இடத்திலிருந்து மலை ஊர்களுக்கு ரேஷன் அரிசி ஏற்றிப் போக ஒரு திட்டத்தில் ஆறு குடும்பங்களுக்கு ஆறு குதிரைகள் கொடுத்திருக்கிறார்கள். ஒன்றாந்தேதியும் பதினைந்தாந்தேதியும் குதிரைக்கு இரண்டு மூட்டை. ஏற்றாவிட்டால் குதிரையை ஓட்டிக்கொண்டு போய் வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள். நோய் என்று சான்று இருந்தால் மட்டும் குதிரை ஓய்வாக அதே வீட்டில் இருக்கலாம்.

"மூணு மாசமா வலது முட்டி வீங்கிக் கீதும்மா. காலைல எந்திரிக்கறதுக்கே நாலு தபா யோசிக்கறா. மேல கால்நடை ஆஸ்பத்திரில தமிழரசி டாக்டரம்மா கீறாங்க. தொட்டுப் பாத்தாங்க, நடக்க வுட்டுப் பாத்தாங்க. தேய்மானம், இனிமே மூட்டை ஏத்தாதீங்கன்னு எழுதியே குட்த்தாங்க. அத்த எடுத்துனு திட்ட ஆபீசுக்குப் போனா, தொட்டுப் பாத்ததெல்லாம் செல்லாதாம். இங்க வந்து முட்டித் தண்ணி எடுத்து சர்ட்டிபிகேட் வாங்கணுமாம். அது வரிக்கும் குதிரைக்கு ஒண்ணும் இல்லன்னு அர்த்தமாம்."

"எதுக்குள்ள வேணும்?"

"பதினஞ்சாந்தேதிக்குள்ள. இன்னிக்கு ஒம்போது. மூட்டை ஏத்தினா அவ செத்துருவா. ஏத்தலன்னா ஓட்டினு பூடுவாங்க. போற வூட்ல அவளுக்கு ஏத்துவாங்க, அப்பவும் செத்துருவா."

அவ்வளவுதான் விஷயம். ஒரு துண்டுக் காகிதம். அதை எழுதக் கையெழுத்தும் முத்திரையும் ஐந்து நிமிஷமும் போதும். ஆனால் நாங்கள் நடுவம் அல்லவா?

மாதிரி எடுக்கும் அறை மூன்றாம் மாடியில் இருந்தது. லிஃப்டில் 'நான்கு நபர்கள்' என்று எழுதியிருந்தது. ஒரு குதிரை எத்தனை நபர் என்பதற்கு ஆணை எதுவும் இல்லை. படியேற்றிப் பார்க்கலாம் என்றார்கள். "படி ஏற முடிஞ்சா நான் இன்னாத்துக்கு சார் இங்க வர்றேன்?" என்றார் ராஜாக்கண்ணு. இது குறித்து உயர்நிலைக் கூட்டம் நடந்தது. கடைசியில் வாசல் போர்டிகோவை 'மூன்றாம் தளத்தின் கீழ்நோக்கிய நீட்சி' என்று அறிவித்துச் சுற்றறிக்கை விட்டோம். அன்று முதல் போர்டிகோவில் செருப்பு போடக் கூடாது.

பிறகு இயக்குநர் வந்தார். பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கி வர ஒன்பது நிமிஷம் ஆயிற்று. வந்ததும் படிவத்தைக் கையில் எடுத்தார்.

"குதிரை நொண்டுகிறதா?"

"ஆமா சார். அதுக்குத்தான் வந்தோம்."

"அப்படியானால் சிக்கல்" என்றார் இயக்குநர். "நொண்டுவதற்கு முன்னரே கண்டறிவதுதான் இந்த நடுவத்தின் நோக்கம். நொண்டிய பிறகு வருவது காலங்கடந்த விண்ணப்பம். நொண்டாமல் இருக்கும்போது ஏன் அழைத்து வரவில்லை?"

"நொண்டாம கீற குதிரைய இன்னாத்துக்கு சார் ஆஸ்பத்திரிக்கு இட்டுனு வர்றது?"

"பார்த்தீர்களா அருணா? இந்த மனப்பான்மையால்தான் மூன்று வருஷமாக நமக்குக் குதிரை வரவில்லை." பெருமூச்சு விட்டார். "போகட்டும், நொண்டவில்லை என்றே குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தது. வலி, பத்துக்கு எத்தனை?"

"எட்டு இருக்கும் சார்" என்றார் ராஜாக்கண்ணு.

"உங்களுக்கல்ல, குதிரைக்கு. மூன்றாம் நபர் தகவல் ஏற்கப்படாது." இயக்குநர் அம்சாவின் முகத்துக்கு நேரே குனிந்து அதே கேள்வியைக் கேட்டார். அம்சா ஒருமுறை தும்மியது. 'ஒன்று' என்று எழுதச் சொன்னார்.

"சார், கால ஒரு வாட்டி பாருங்க சார். வீங்கிக் கீது பாருங்க."

இயக்குநர் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். "நான் பார்க்கக் கூடாது. கண்ணால் பார்ப்பது அறிவியல் அல்ல. பார்த்துவிட்டால் என் முடிவில் சார்பு வந்துவிடும். இந்த நடுவத்தில் நாற்பத்தொரு பேரும் குதிரையைப் பார்க்காமலேயே வேலை செய்யப் பயிற்சி பெற்றவர்கள்."

அது மட்டும் உண்மை.

முதல் மாதிரி என்பதால் விழா எடுக்காமல் ஊசி போட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். பதினோராந்தேதி விழா. ராஜாக்கண்ணு இரண்டு நாளும் எங்கள் சைக்கிள் ஷெட்டில் அம்சாவோடு தங்கினார். விழாவுக்குப் பந்தல், வாழைமரம், குத்துவிளக்கு. சிறப்பு விருந்தினர் வேலூரிலிருந்து வர மூன்று மணி நேரம் தாமதம். அதுவரை அம்சா மாலையோடு மேடைக்குக் கீழே நின்றது. வலது காலைத் தூக்கி மூன்று காலில் நின்றதைப் பார்த்த போட்டோக்காரர், காலைக் கீழே வைக்கச் சொல்லுங்கள், படம் நன்றாக வராது என்றார். அம்சாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பூங்கொத்தும் கொடுத்தார்கள். அதுவரை நடந்த மரியாதைகளிலேயே அம்சா முழு மனதோடு ஏற்றுக்கொண்டது பூங்கொத்தைத்தான். காம்பைக் கூட மிச்சம் வைக்கவில்லை.

இயக்குநர் பேசினார். அந்தப் பேச்சை நான்தான் சுருக்கெழுத்தில் எடுத்தேன், அதனால் ஒரு சொல்லும் மாறாமல் தருகிறேன்.

"இந்த நடுவம் வருவதற்கு முன்பு இந்த மலையில் குதிரைகள் முறையின்றி நொண்டிக்கொண்டிருந்தன. எந்தக் குதிரை ஏன் நொண்டுகிறது என்பது குதிரைக்காரருக்குத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரிந்திருந்தது. வழியில் போகிறவருக்குக் கூடத் தெரிந்திருந்தது. இப்படி நோய் பற்றிய செய்தி தகுதியற்றவர்கள் கையில் சிக்கிக் கிடந்தது. இன்று அந்த நிலையை மாற்றியிருக்கிறோம். இனி எங்கள் கருவியைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியாது. எங்களுக்கே தெரியாது என்பதைப் பெருமையோடு சொல்லிக்கொள்கிறேன்."

கைதட்டல் அடங்க நேரமாயிற்று. ராஜாக்கண்ணுவும் தட்டினார். மற்றவர்கள் தட்டும்போது தட்டாமல் இருந்தால் சான்று கிடைக்காதோ என்ற பயம் அவர் முகத்தில் தெரிந்தது.

விஞ்ஞானி அருள்மணி ஊசி போட்டார். அவர் நல்ல மனிதர். வெளியூரில் படித்தவர், கை சுத்தமாக இருக்கும். முடியைச் சிரைத்து, மருந்து தடவி, அம்சாவின் முட்டியை மரத்துப்போகச் செய்து, மெதுவாக நீரை இழுத்தார். இழுத்ததைத் தூக்கிப் பிடித்துப் பார்த்ததும் அவர் வாய் திறந்துவிட்டது. "சார், நல்ல மூட்டுநீர்னா வெண்டைக்காய் மாதிரி இழுபடணும். இது பச்சைத் தண்ணியா இருக்கு. பார்த்தாலே தெரியுது..."

"பார்க்காதீர்கள்!" என்று கத்தினார் இயக்குநர்.

அருள்மணி கண்ணை மூடிக்கொண்டார்.

எடுத்த நீரில் ஒரு குழாய் கண்காட்சிக்கு. ஒன்று தணிக்கைக்கு. வழக்கு ஏதாவது வந்தால் நீதிமன்றத்தில் காட்ட ஒன்று. வருங்காலச் சந்ததியினருக்காகப் போர்டிகோவில் புதைக்க ஒன்று. சிறப்பு விருந்தினருக்கு நினைவுப் பரிசாக, பிரேம் போட்டு ஒன்று. மிச்சம் அடியில் ஒட்டியிருந்த நாலு சொட்டு கருவிக்குப் போயிற்று.

பன்னிரண்டாந்தேதியே கருவி எண்களைக் கொடுத்துவிட்டது. அதை உடனே ராஜாக்கண்ணுவிடம் சொல்ல முடியுமா? முதலில் ஆண்டறிக்கையில் ஏற்றினோம். பிறகு 'மாவட்டக் குதிரைகளின் மூட்டுநீர்ச் சராசரி' என்ற தலைப்பில் பதினோரு எண்களையும் கறுப்புக் கிரானைட்டில் செதுக்கிப் போர்டிகோ சுவரில் பதித்தோம். சிமெண்டு காயட்டும் என்று ஒரு நாள் விட்டோம். பதினாலாந்தேதி மதியம்தான் அவரைக் கூப்பிட்டோம்.

அவர் குளித்து, சட்டை மாற்றி, தலையில் தண்ணீர் தடவிச் சீவிக்கொண்டு வந்திருந்தார். இயக்குநர் அறைக்குள் முதல் முறையாக வருகிறார். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

அருள்மணி அறிக்கையைத் தரையைப் பார்த்துக்கொண்டே படித்தார். "பதினோரு குறிகாட்டியும் மாவட்டச் சராசரிக்குச் சரிசமம். ஒரு புள்ளி கூட ஏற்ற இறக்கம் இல்லை."

இயக்குநர் எழுந்து நின்று ராஜாக்கண்ணுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வாழ்த்துகள். இப்படி ஒரு துல்லியமான ஆரோக்கியத்தை அறிவியல் உலகம் பார்த்ததில்லை. உங்கள் குதிரைக்கு எந்த நோயும் இல்லை."

ராஜாக்கண்ணு கையை விடுவித்துக்கொண்டார். "சராசரின்னா இன்னா சார்?" என்றார்.

"நாங்கள் பரிசோதித்த எல்லாக் குதிரைகளின் அளவையும் கூட்டி, குதிரைகளின் எண்ணிக்கையால் வகுப்பது."

"எத்தினி குதிர சார்?"

இயக்குநர் என்னைப் பார்த்தார். பதிவேட்டைப் புரட்டுவது போல் பாவனை செய்தேன். புரட்ட ஒரே ஒரு பக்கம்தான் இருந்தது. "ஒண்ணு" என்றேன்.

"அது எந்த ஊர்க் குதிரம்மா?"

"உங்க குதிரைதாங்க."

அவர் ஜன்னல் வழியாகக் கீழே பார்த்தார். சைக்கிள் ஷெட்டில் அம்சா மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது. "அப்போ அம்சாவ அம்சாவோடயே வச்சி ஒத்துப் பாத்தீங்களா சார்?"

"இதைவிடத் துல்லியமான ஒப்பீடு கிடையாது" என்றார் இயக்குநர். "வேறு குதிரையோடு ஒப்பிட்டிருந்தால் வேறுபாடுகள் வந்திருக்கும்."

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. முழு ஆரோக்கியச் சான்று பெற்ற குதிரைக்கு ஊக்கமளிக்கும் விதமாகக் கூடுதலாக ஒரு மூட்டை ஏற்றலாம் என்று திட்டத்தில் ஒரு விதி இருக்கிறது. அதையும் சந்தோஷமாகப் படித்துக் காட்டினார். நாளை பதினைந்து. இரண்டு மூட்டைக்குப் பதில் மூன்று.

ராஜாக்கண்ணுவுக்குக் கண் கலங்கிவிட்டது. சத்தம் வரவில்லை, தோள்தான் குலுங்கியது. எனக்கு வந்த கோபத்தில் மேசையில் இருந்த கேடயத்தை எடுத்து எதையாவது உடைக்கலாம் போலிருந்தது. அருள்மணி இன்னும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாதச் சம்பளம் வாங்குகிற மூன்று பேர் இருக்கிற அறையில் ஒருத்தருக்குக் கூட உண்மையைச் சொல்லத் துணிவில்லை, நான் உட்பட.

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ராஜாக்கண்ணு வாசல் வரை போனார். பிறகு திரும்பினார். சண்டை போடவோ மடக்கவோ திரும்பவில்லை. நிஜமாகவே அவருக்கு ஒரு சந்தேகம்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். நாளைக்கு மூணு மூட்டைய ஏத்தி, அவ முட்டி இன்னும் கெட்டுப் போச்சின்னா, கீழ கல்லுல எழுதிக் கீறீங்களே, அது இன்னா சார் ஆவும்?"

அருள்மணி தரையிலிருந்து கண்ணை எடுத்து இயக்குநரைப் பார்த்தார்.

இயக்குநர் மெதுவாக உட்கார்ந்தார். கல்வெட்டு போயிற்று. ஆண்டறிக்கை போயிற்று. அடுத்த மாதம் வெளிநாட்டுக் கருத்தரங்கில் படிக்கப்போகிற கட்டுரையும் போயிற்று. மாவட்டத்தின் ஆரோக்கியம் முழுவதும் நாளைக் காலை எட்டு மணிக்கு மூன்று மூட்டை அரிசியோடு மலையேறப் போகிறது என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"அருணா" என்றார். "ஓர் ஆணை. உடனே எழுதுங்கள்."

எழுதினேன். அம்சா என்னும் பெண் குதிரை இன்று முதல் 'மாவட்டத் தரநிலைக் குதிரை'. அதன் மூட்டுகளின் நிலை எக்காரணம் கொண்டும் மாறக் கூடாது. எனவே அதன்மீது ஒரு கைக்குட்டையைக் கூட ஏற்றக் கூடாது. அதே கொட்டகை, அதே தீனி, அதே ஆள். இடம் மாற்றக் கூடாது, யாரும் ஓட்டிப் போகக் கூடாது. மாதந்தோறும் ஒன்றாந்தேதியும் பதினைந்தாந்தேதியும் அலுவலர் ஒருவர் நேரில் சென்று, மாற்றம் இல்லை என்று சான்று அளிக்க வேண்டும்.

தட்டச்சு செய்யும்போது 'அலுவலர் ஒருவர்' என்பதை 'இயக்குநர் நிலைக்குக் குறையாத அலுவலர்' என்று மாற்றினேன். மூன்று வருஷத்தில் அவர் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டதே இல்லை. அன்றும் போட்டார்.

நோய் இருக்கிறது என்று சொல்லிக் கிடைக்காத ஓய்வு, நோயே இல்லை என்று சொல்லி அம்சாவுக்குக் கிடைத்தது. ராஜாக்கண்ணு காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூட்டை ஏத்த வேணாம்னுதானம்மா போட்டுக் கீது?" என்று என்னிடம் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் ஆமாம் என்றேன். சைக்கிள் ஷெட்டுக்கு ஓடினார். அங்கே அம்சாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

விஷயம் மலையில் பரவியது. அடுத்த வாரமே மற்ற ஐந்து குதிரைக்காரர்களும் தங்கள் குதிரைகளோடு வந்தார்கள். ஐந்தும் திடமான குதிரைகள். ஐந்துக்கும் ஊசி போட்டு அம்சாவோடு ஒப்பிட்டோம். ஒன்று கூடத் தேறவில்லை. எதன் மூட்டுநீரிலும் அம்சாவிடம் இருந்த அளவுக்குத் துகள்கள் இல்லை. எல்லாம் தரநிலையிலிருந்து கடும் விலகல். அதில் ஒரு குதிரை ஊசிக்குப் பயந்து எங்கள் காம்பவுண்டு சுவரைத் தாண்டி ஓடியது. அதற்கு 'மிகவும் முற்றிய நிலை' என்று எழுதினோம். ஐந்துக்கும் நிரந்தர ஓய்வு கொடுக்கப்பட்டது. இந்தக் காலாண்டில் கண்டறியப்பட்ட குதிரைகள்: ஐந்து. மேலிடத்திலிருந்து இன்னொரு கேடயம் வந்தது.

ஒன்றாந்தேதி வந்தது.

ஆணைப்படி நாங்கள் மூன்று பேர் போனோம். இயக்குநர், அருள்மணி, பதிவேட்டோடு நான். ரோடு முடிகிற இடத்தில் ஜீப் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போயிற்று. அங்கிருந்து ஒற்றையடிப் பாதை, மூன்று கிலோமீட்டர் ஏற்றம். பாதை ஆரம்பிக்கிற இடத்தில் ரேஷன் மூட்டைகள் அடுக்கிக் கிடந்தன. தூக்கக் குதிரை இல்லை. மூட்டைக்குப் பக்கத்தில் ராஜாக்கண்ணுவின் மனைவி செல்லம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஊர்ப் பெண்கள் ஏழெட்டுப் பேர் அரிசியைச் சின்னச் சின்னப் பைகளில் பிரித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"வாங்க சார். அம்சாவப் பாக்கத்தான வர்றீங்க? மத்தியானம் மேலதான் சாப்பாடா?"

"ஆமாம்மா" என்றார் இயக்குநர்.

"மேல ஒரு பிடி அரிசி கெடையாது சார். குதிர எல்லாத்துக்கும் சீக்குன்னு நீங்கதான எழுதிக் குட்த்தீங்க? சாப்பாடு வேணும்னா தூக்கினு வாங்க." சொல்லிக்கொண்டே ஒரு பையை எடுத்து இயக்குநரின் தோளில் வைத்துவிட்டார். அருள்மணிக்கு ஒன்று. எனக்கு ஒன்று. தன் தலையில் இரண்டு வைத்துக்கொண்டார். எதிர்த்துப் பேச எங்களுக்கு ஆணை எதுவும் இல்லை.

ஏறினோம். முதல் திருப்பத்தில் இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டாவது திருப்பத்தில் டையைக் கழற்றினார். அதற்கப்புறம் பக்கவாட்டில் ஏற ஆரம்பித்தார். அருள்மணி அவருடைய பையையும் வாங்கிக்கொள்ளக் கை நீட்டினார். இயக்குநர் கொடுக்கவில்லை. முன்னால் போகிற செல்லம்மா ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று திரும்பிப் பார்த்ததுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

ஊர் எல்லையில் பலாமரத்தடியில் அம்சா நின்றது. முன்னால் ஊற வைத்த கொள்ளு. எங்களைப் பார்த்ததும் நாலு அடி எடுத்து வைத்து வந்தது. நான்கு காலாலும் வந்தது. பதினைந்து நாள் ஓய்விலேயே முட்டி வீக்கம் பாதியாக வற்றியிருந்தது. தமிழரசி டாக்டர் வந்து கட்டுப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அருள்மணி என்னைப் பார்த்தார், நான் அருள்மணியைப் பார்த்தேன். கண்ணால் பார்ப்பது அறிவியல் அல்ல. பதிவேட்டைத் திறந்து 'தரநிலைக் குதிரை: மாற்றம் இல்லை' என்று எழுதினேன்.

இயக்குநர் கையெழுத்துப் போடக் கூட எழுந்திருக்கவில்லை. பாறைமேல் உட்கார்ந்து வலது காலை நீட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். ராஜாக்கண்ணு அவர் ஏறி வந்ததை முதலிலிருந்தே கவனித்துக்கொண்டிருந்தார். இப்போது கிட்டே வந்து குந்தி உட்கார்ந்து, அம்சாவின் முட்டியில் வைக்கிற மாதிரியே இயக்குநரின் முட்டியில் உள்ளங்கையை வைத்து லேசாக அழுத்தினார்.

"ஐயோ!" என்றார் இயக்குநர்.

"தேஞ்சி பூட்ச்சி சார். ரெண்டு வருசத்துக்கு மேல இருக்கும். இந்தக் கால வச்சினு மலையெல்லாம் ஏறக் கூடாது சார். மூட்டையும் தூக்கக் கூடாது."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"கண்ணால பாத்தாலே தெரியுதே சார்."

நானும் அருள்மணியும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தோம். நடுவத்தின் கொள்கை விளக்கம் இப்போது வரப் போகிறது என்று நினைத்தோம். இயக்குநர் சுற்றும் முற்றும் பார்த்தார். ராஜாக்கண்ணுவின் காதருகே குனிந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இதையே ஒரு பேப்பர்ல எழுதி, கீழ ஒரு கையெழுத்துப் போட்டுத் தர முடியுமா? மேலிடத்துல காட்டினா, இந்த ஒண்ணாந்தேதி, பதினஞ்சாந்தேதி வர்றதுல இருந்து எனக்கு விலக்குக் கிடைக்கும்."

ராஜாக்கண்ணுவுக்கு அவர்மேல் உண்மையாகவே இரக்கம் வந்துவிட்டது. "நான் எழுதிக் குட்த்தா உங்க ஆபீசுல செல்லாதே சார். ஊசி போட்டுத் தண்ணி எடுக்கணும். எடுத்து அம்சாவோட ஒத்துப் பாக்கணும்."

"சரி, பார்த்துவிட்டால் போகிறது" என்றார் இயக்குநர் அவசரமாக.

"பாக்கலாம் சார். ஆனா அவ முட்டியும் உங்க முட்டியும் ஒரே மாதிரி கீது." ராஜாக்கண்ணு எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "உங்களுக்கு ஒண்ணுமே இல்லன்னுதான் சார் வரும்."

செல்லம்மா சோறு வடித்துவிட்டுக் குரல் கொடுத்தார்: "சார், பதினஞ்சாந்தேதி வரும்போது பெரிய பையாக் கட்டி வெக்கவா?"